கடன் கணக்கு மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு ஒரு தடவை பேசினேன். பாதியில் மறந்துபோய் அழுதுட்டு இறங்கிட்டேன். இன்னிக்கு அழுதாலும் இறங்க மாட்டேன், பொறுத்துக்கோங்க.

"பெண்களும் நாட்டின் வளர்ச்சியும்" என்று தலைப்புக் கொடுத்து பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. நாட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும் என்று முதலில் மறுத்தேன். நம்ம பயிற்சி மேடம்தான், "உன் குழுக் கணக்கைப் பற்றிப் பேசு, அதிலேயே நாடு வந்துரும்" என்றாங்க. அதனால் அங்கேயிருந்தே தொடங்குறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நம்ம ஆண்டறிக்கை வாசிச்சாங்க. சேமிப்பு இவ்வளவு, உள்கடன் இவ்வளவு, வங்கிக் கடன் இவ்வளவு, திருப்பம் நூறு சதம். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். ஆனால் அந்த நூறு எப்படி வந்தது என்று ஒன்பது வருஷம் ஊக்குநராக இருந்த எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் வளர்ச்சியைப் பற்றிப் பேசினால் என் மனசு ஒப்பாது.

எங்க குழுவில் ஒரு அக்கா இருந்தாங்க. பேர் வேண்டாம். வீட்டுக்காரர் மதுரைக்குக் கொத்தனார் வேலைக்குப் போறவர். ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. மூணு தவணை கட்டலை. நாலாவது மாசம் நாங்க ஏழு பேர் சாயங்காலம் அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னோம். சண்டை போடலை, கெட்ட வார்த்தை பேசலை. சும்மா நின்னோம். ஆனால் ஒரு தெருவுக்கு அது போதும். அவர் கட்டில்ல படுத்தவாக்கில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டார். அக்கா உள்ளே போய்த் தோட்டைக் கழற்றி, "நாளைக்குக் காலைல அடகு வச்சுக் குடுத்துர்றேன்த்தா, போங்க" என்று சொன்னாங்க. சொன்ன மாதிரியே மறுநாள் பத்து மணிக்கு மொத்தப் பணத்தையும் கட்டினாங்க. நான்தான் ரசீது எழுதினேன். அடுத்த வாரக் கூட்டத்துக்கு அவங்க வரலை. அப்புறம் வரவே இல்லை.

மூத்த பொண்ணு அப்போ ஒன்பதாவது. அந்த வருஷமே நின்னுட்டா. மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போறா. நம்ம பக்கத்துப் பூவுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைச்சது, "மதுரை மல்லி" என்று விமானத்தில் போகுது, பெருமைதான். ஆனால் மொட்டு விரியுறதுக்கு முன்னாடி பறிக்கணும். விடியுறதுக்கு முன்னாடியே, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கிட்டுப் பனியில் குனிஞ்சு பறிக்கிறது பதினாலு, பதினைஞ்சு வயசுப் பிள்ளைக.

எங்க குழு நோட்டில் அந்த வருஷம் திருப்பம் நூறு சதம். தோடு போனதற்கு ஒரு கட்டம் கிடையாது. பொண்ணு படிப்பு நின்னதற்கு ஒரு கட்டம் கிடையாது. உறுப்பினர் விலகினதற்கு மட்டும் ஒரு வரி எழுதினோம்: "சொந்தக் காரணம்."

நாட்டுக் கணக்கும் இப்படித்தான் என்று மேடம் வகுப்பில் விளக்கினாங்க. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று ஒன்று இருக்கு, செய்தியில் கேட்டிருப்பீங்க. ஒரு வருஷத்தில் நாட்டில் உண்டாக்கின பொருள், செஞ்ச சேவை எல்லாத்துக்கும் விலை போட்டுக் கூட்டுறது. அதில் நம்ம இந்தியா உலகத்தில் முன்வரிசை நாடுகளுக்குள்ள வந்துருச்சு. மாநிலங்களில் தமிழ்நாடு இரண்டாவது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லலை. பணம் இல்லாமல் பள்ளிக்கூடமும் வராது, ஆஸ்பத்திரியும் வராது. ஆனால் அந்தக் கணக்கு எதைக் கூட்டுது, எதை விடுது என்று பாருங்க. ஒத்தக்கடையில் ஒரு கடைக்காரர் இட்லி அவிச்சு வித்தால் அது நாட்டு வருமானத்தில் சேரும். அதே இட்லியை நான் வீட்டில் அவிச்சால் சேராது. அந்த அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் செலவழிச்ச பணம் சேரும். அவருடைய இடுப்பு ஒடிஞ்சது கழிபடாது. ஆத்து மணலை அள்ளி வித்தால் அது வரவு. வைகையில் தண்ணி கீழே இறங்கிப்போனது எந்தச் செலவுப் பக்கத்திலும் எழுதுறதில்லை.

இதைக் கண்டுபிடிச்சது நானில்லை. அந்தக் கணக்கை உருவாக்கின சைமன் குஸ்நெட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரே 1934-ஆம் வருஷம், இதை வச்சு மக்கள் நல்லா இருக்காங்களா என்று முடிவு கட்டிராதீங்க என்று எச்சரிச்சாராம். அப்புறம் 1990-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக், நம்ம அமர்த்தியா சென் போன்றவங்க சேர்ந்து வேற ஒரு அளவுகோல் கொண்டுவந்தாங்க. எத்தனை வயசு வரைக்கும் வாழுறாங்க, எத்தனை வருஷம் படிக்கிறாங்க, அதோடு வருமானம், மூணையும் சேர்த்துப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் 2025-இல் வந்த அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியா 130-ஆவது இடம். பணத்தில் முன்வரிசை, வாழ்க்கையில் 130. பக்கத்தில் இருக்கிற இலங்கை, அவ்வளவு சண்டையும் கஷ்டமும் பட்ட நாடு, நம்மை விட ரொம்ப மேலே இருக்கு.

நம்ம மாநிலம் இரண்டாவது என்று சொன்னேன் இல்லையா? 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயசிலிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேருக்கு மேல். முட்டி வலிக்குது, மூச்சு வாங்குது, வயசாச்சு என்று முப்பத்தைந்து வயசிலேயே சொல்லிக்கிறோமே, பாதி வயசு இல்லை, இரத்தம் இல்லாததுதான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டினதை வழிச்சுச் சாப்பிடுறது யார்? அடியில் குழம்பு மட்டும்தான் கிடக்கும், காயும் முட்டையும் முதல்லேயே போயிரும். இதில் என் வீடும் சேர்த்தி. நான் மட்டும் திருந்திட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து நேரக்கணக்கு. 2019-இல் அரசாங்கம் வீடு வீடாகப் போய், ஒரு நாளில் யார் எதுக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாங்க என்று கேட்டு எழுதினாங்க. சமைக்கிறது, துவைக்கிறது, கூட்டுறது, தண்ணி எடுக்கிறது எல்லாம் சேர்த்து, அந்த வேலையைச் செய்யுற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். செய்யுற ஆண்களுக்கு 97 நிமிஷம். "செய்யுற" ஆண்கள் என்று கவனமாகச் சொல்றேன். ஏன்னா நூறு ஆண்களில் 26 பேர்தான் அந்த வேலையில் கையே வைக்கிறாங்க. இதை எங்க வீட்டில் சொன்னப்போ அவர், "நான் 26-க்குள்ள இருக்கேன், மோட்டார் போடுறேன்ல" என்றார். சுவிட்சைத் தட்ட 97 நிமிஷம் ஆகாதுங்க.

இவ்வளவும் செஞ்சுட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்பாங்க. நாம என்ன சொல்றோம்? "வீட்ல சும்மாதான் சார் இருக்கேன்." அரசாங்க மக்கள்தொகைக் கணக்கிலும் நாம வேலை செய்யாதவங்கதான். பிச்சை எடுக்கிறவங்க, சிறையில் இருக்கிறவங்களோடு வீட்டுப் பெண்களையும் ஒரே வகையில் சேர்த்திருந்ததை 2010-இல் உச்ச நீதிமன்றமே கண்டிச்சது. 2023 ஜூன் மாசம் நம்ம சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், புருஷன் சம்பாதிச்சு வாங்கின சொத்தில் வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவியின் உழைப்பும் இருக்கு, அவளுக்கும் சரிபாதி பங்கு உண்டு என்று சொன்னது. இந்தத் தீர்ப்பைக் குழுக் கூட்டத்தில் வாசிச்சுக் காட்டினப்போ எழுபது வயசு அம்மாச்சி ஒருத்தவுக, "இதை நாப்பது வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா" என்றாக. யாரும் சிரிக்கலை.

சரி, நல்ல வளர்ச்சி எப்படி இருக்கும்? அதுக்கும் நம்ம மதுரையிலேயே எடுத்துக்காட்டு இருக்கு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி, மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அதுக்கு முன்னாடி எங்க தெருவில் காலை எட்டு மணி எப்படி இருக்கும் தெரியுமா? களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ அம்மா ஏழு மணிக்கே கிளம்பிருவா. பிள்ளைக வரக்காப்பியைக் குடிச்சுட்டு ஓடும். பதினோரு மணிக்குப் பெஞ்சில் தலையைச் சாய்ச்சிரும். வாத்தியார் சோம்பேறி என்பார். இப்போ உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகச் சாப்பிட்டுட்டு உட்காருதுக. என் சின்னவன் லீவே போட மாட்டான்.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த திட்டம் இல்லை. 1956-இல் காமராஜர் ஐயா மதிய உணவு கொண்டுவந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். நாடு பணக்கார நாடு ஆகட்டும், அப்புறம் சோறு போடலாம் என்று அவங்க காத்திருக்கலை. சோறு போட்டதால் பிள்ளைக பள்ளிக்கூடம் வந்துச்சு, படிச்ச பிள்ளைக வேலைக்குப் போச்சு, அந்த வேலையினால்தான் மாநிலம் இப்போ இரண்டாவதா நிக்குது. எது முதல்ல, எது பின்னால என்கிறது இதில் தெரியும்.

ஆனால் இங்கேயும் விடுபட்டது உண்டு. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாவது போனதும் பசிக்காதா? வளருற வயசு, பெரியவளாகிற வயசு, இரத்தம் அதிகம் தேவைப்படுற வயசு அதுதான். எட்டாவது வரைக்குமாவது நீட்டணும் என்று நாம கேட்கணும். இன்னொன்று, அந்தச் சாப்பாட்டைச் சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். விடியுறதுக்கு முன்னாடி எழுந்து தன் வீட்டு அடுப்பை முடிச்சுட்டு அங்கே போய் அடுப்பு மூட்டுறாங்க. அவங்களுக்கு மதிப்பூதியம் என்கிறதை மாத்தி, மத்த வேலை மாதிரி நேரத்துக்குத் தகுந்த கூலியாக நிர்ணயிக்கணும். பிள்ளைகளுக்கு நல்லது செய்யுற திட்டம் அவங்க அம்மா உழைப்பைக் குறைச்ச விலைக்கு எடுக்கக் கூடாது.

கட்டணமில்லாப் பஸ்ஸும் அப்படித்தான். 2021-இல் வந்தது. பூ மார்க்கெட்டுக்கும், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கும், வேலை தேடியும், பக்கத்தில் பணம் கேட்காமல் பெண்கள் கிளம்புறாங்க. "எங்கே போற, எதுக்குப் போற, காசு எவ்வளவு" என்கிற மூணு கேள்வியில் ஒரு கேள்வி ஒழிஞ்சது. ஆனால் பஸ் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று வர்ற ஊர்ல டிக்கெட் இலவசமாக இருந்து என்ன செய்ய? மேலூருக்குப் படிக்கப் போற பொண்ணு அந்த ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அன்னிக்குப் படிப்பு போச்சு. இன்னும் ரெண்டு நடை கூடுதலாக விடுங்க என்று கேட்கிறதும் வளர்ச்சி பற்றின கோரிக்கைதான்.

புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படிச்சுட்டுக் கல்லூரிக்குப் போற பொண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் தர்றாங்க. அருமையான திட்டம், எங்க ஊர்ல நாலு பேர் அதனால்தான் படிக்கிறாங்க. ஆனால் நான் சொன்ன அக்கா பொண்ணுக்கு அது எட்டாது. அவ வழியிலேயே, ஒன்பதாவதிலேயே நின்னுட்டா. வீட்டில் சம்பாதிக்கிறவர் விழுந்த அந்த மாசத்தில் கை கொடுக்கிற திட்டம்தான் அவளுக்கு வேணும்.

ஏழைக்குச் செய்யுறதுன்னா ரெண்டாந்தரமாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு உண்டு. அதை உடைச்சதும் நம்ம ஊர்தான். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி ஐயா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் கட்ட முடிஞ்சவங்க கட்டுறாங்க, முடியாதவங்களுக்கு அந்த வருமானத்திலிருந்து இலவசம். ரெண்டு பேருக்கும் அதே டாக்டர்கள். என் மாமியார் முகாமில் பெயர் கொடுத்து, பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணிக் கொண்டுவந்து விட்டாங்க. கட்டு அவிழ்த்ததும் அவுக முதல்ல என்னைப் பார்த்துச் சொன்னது, "என்ன இம்புட்டு மெலிஞ்சு போயிட்ட." ஏழெட்டு வருஷமா என்னைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதான் எனக்குத் தெரிஞ்சது. இப்போ பூக்கட்டுறாக, பேரனுக்கு ஊசியில் நூல் கோத்துத் தர்றாக.

நம்மள மாதிரிப் பெண்களால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைச் சொல்லுங்க. கையெழுத்துப் போடத் தெரியாத, வயல் கூலி வேலை செஞ்ச பெண். களஞ்சியம் குழுக்களைக் கட்டி வளர்த்தவங்க. ஸ்திரீ சக்தி விருது கொடுத்தப்போ பிரதமர் வாஜ்பாய் குனிஞ்சு அவங்க காலைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீ. அவங்க கடன் வசூலுக்காக மட்டும் பேர் வாங்கலை. கந்துவட்டிக்காரன்கிட்ட இருந்தும், கூலியில் ஏமாத்துறவங்ககிட்ட இருந்தும் பெண்களை மீட்கிறதுக்காகப் பேசினாங்க. நாம அந்த வழியில் வந்தவங்க.

இப்போ நம்ம கூட்டமைப்பு விஷயத்துக்கு வர்றேன். கோபப்படாமல் கேளுங்க.

எங்க ஊர்ல முதல்ல கூட்டத்தை மந்தையில் கோயில் முன்னாடிதான் வச்சோம். காலனித் தெருவிலிருந்து ஒருத்தர் கூட வர மாட்டாங்க. "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று தீர்மான நோட்டில் எழுதினேன், என் கையால்தான் எழுதினேன். ஒரு நாள் மழைக்காகக் கூட்டத்தைச் சத்துணவுக் கூடத்துக்கு மாத்தினோம். அன்னிக்கு அங்கேயிருந்து ஒன்பது பேர் வந்தாங்க. ஆர்வம் இல்லாமல் இல்லை. மந்தையில் அவங்க எங்கே உட்காரணும் என்று அவங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், அதுதான் காரணம். இப்போ ரெண்டு தெருவும் சேர்ந்த குழு இருக்கு. இதற்காக என் சித்தப்பா வீட்டில் ஆறு மாசம் என்னோடு பேசலை. இப்போ பேசுறாக.

அதனால் நான் கேட்கிறது இதுதான். அடுத்த வருஷம் ஆண்டறிக்கை வாசிக்கும்போது, கடன் திருப்பத்துக்கு அடுத்து இன்னும் சில வரி வேணும். இந்த வருஷம் எத்தனை பேர் குழுவை விட்டு விலகினாங்க, உண்மைக் காரணம் என்ன. உறுப்பினர் வீட்டில் எத்தனை பிள்ளைக படிப்பை நிறுத்திச்சு. எத்தனை பேர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தோம், எத்தனை பேருக்கு ஏறியிருக்கு. ஊர்ல குழுவுக்கே வராதவங்க யார்: தனியாக இருக்கிற பாட்டிமார், ஊனமுற்ற பிள்ளையை வச்சிருக்கிறவங்க, புருஷன் விட்டுப்போனவங்க. இதை எழுத வங்கி அனுமதி தேவையில்லை, ஒரு நோட்டுப் போதும்.

இன்னொன்று, பணம். நம்ம கூட்டமைப்பில் 60 குழு, குழுவுக்குச் சராசரி 12 பேர் என்று வையுங்க. ஒருத்தர் மாசம் பத்து ரூபாய் தனியாகப் போட்டால் வருஷத்துக்கு 86,400 ரூபாய் சேரும். சாவு, விபத்து, பெரிய நோய் என்று வந்த வீட்டுக்கு மூணு மாசத் தவணையை அந்த நிதியிலிருந்து கட்டிரலாம். தவணை ஆயிரம் ரூபாய் என்றால் வருஷத்துக்கு 28 வீட்டைத் தாங்கலாம். வங்கிக்கும் நட்டம் இல்லை, திருப்பமும் நூறுதான். ஆனால் யார் வாசலிலும் ஏழு பேர் போய் நிற்க வேண்டியதில்லை. பத்து ரூபாய் என்பது ஒரு டீ. டீ விலையை விடக் குறைச்சல் என்று பின்னாடியிருந்து சொல்றாங்க, சரிதான்.

பொய்க் காரணம் சொல்லி வாங்குவாங்களே என்று கேட்பீங்க. வாங்குவாங்க, ரெண்டு பேர் வாங்குவாங்க. ஊர்ல யார் வீட்டில் என்ன என்று நமக்குத் தெரியாதா? அந்த ரெண்டு பேருக்குப் பயந்து மத்த 26 பேரை விட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

போன மாசம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த விழாவுக்கு வாங்க என்று கூப்பிட்டேன். உட்காரச் சொன்னாங்க, காப்பி கொடுத்தாங்க. "என் கணக்குத்தான் முடிஞ்சுபோச்சேத்தா, இன்னும் எதுக்கு" என்றாங்க. பொண்ணு வெளியே பூக்கூடையைக் கழுவிக்கிட்டு இருந்தா. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், நான் ஃபாரம் வாங்கித் தர்றேன் என்று சொன்னேன். "பூவ யாருக்கா பறிக்கிறது" என்று கேட்டா. அப்புறம், "புக்கு பழசு இருந்தாப் போதுமா, புதுசு வேணுமா?" என்றும் கேட்டா. பழசு போதும் என்று சொல்லியிருக்கேன். யார் வீட்டிலாவது பத்தாம் வகுப்புப் புத்தகம் இருந்தால் விழா முடிஞ்சதும் என்னிடம் சொல்லுங்க. கணக்கும் அறிவியலும்தான் கிடைக்கலை.

மணி அடிச்சுட்டாங்க. தீர்மான நோட்டு மேஜையில்தான் இருக்கு. அந்தப் பத்து ரூபாய் நிதியை அடுத்த செயற்குழுவில் முதல் பொருளாக எடுத்துக்கணும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.